மசாவோ ஜப்பான்காரர் என்று நான் சொன்னேன்

1

இந்த மாதத்தோடு மசாவோ போய் ஒரு வருடமாகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடிதம் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை எழுதுகிறேன். சிட்னியில் இதைச் சொன்னால், "நீங்கள் என்ன, வேணுமெண்டே செய்தனீங்கள்?" என்று முதுகைத் தட்டிவிடுவார்கள். என் மனைவி ரதி அதைத்தான் சொன்னாள். கோயிலில் தெரிந்த ஒருவரிடம் பாதி சொன்னேன். அவரும் அதையே சொன்னார். மீதியை நான் சொல்லவில்லை. ஊரில் இருக்கிற நீங்கள் முழுவதையும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சிட்னியின் புறநகரான வெஸ்ட்மீட்டில் எங்கள் வாடகை வீடு. அங்கிருந்து பேருந்தில் இருபத்தைந்து நிமிடம் போனால் நான் வேலை செய்யும் சலவைத் தொழிற்சாலை. வைத்தியசாலைகளின் படுக்கை விரிப்புகள், துவாய்கள், சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களின் மேலங்கிகள் எல்லாம் பெரிய கூண்டு வண்டிகளில் அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகும். விரிப்பைத் தேய்க்கும் இயந்திரத்துக்குள் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். இடப்பக்க மூலையை ஒருவர் பிடிக்க வேண்டும், வலப்பக்க மூலையை மற்றவர். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் உயராவிட்டால் துணி சரிந்து சிக்கிவிடும். நான்கு வருடமாக இடப்பக்கம் நான், வலப்பக்கம் மசாவோ.

அவருக்கு அறுபதுக்கு மேல் வயது. கட்டையான, அகலமான மனிதர். நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டியிருப்பார். நான் சேர்ந்த முதல் நாள் தேநீர் இடைவேளையில் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ எந்த ஊர்?" என்பதுதான். இந்தியாவா என்று கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். ஸ்ரீலங்கா, வடக்கில் ஒரு சின்னத் தீவு என்று என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "தீவா!" என்று என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் எந்த ஊர் என்று. மூன்று சொல். எனக்குப் புதியவர்களோடு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதோடு எங்கள் மேற்பார்வையாளர் ஸ்டீவ் அன்று காலையிலேயே சொல்லியிருந்தான்: "நீ ஜப்பான்காரனோடு நில்." கேட்பதற்கு அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

2

ஸ்டீவ் நல்லவன்தான். ஆனால் எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்துவிடுவான். என் பெயர் யோகராசா. அவன் வாயில் அது யோகா ஆனது. "யோகா, தலைகீழாக நின்று மடி பார்ப்போம்!" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கிரிக்கெட்டில் இந்தியா தோற்ற அன்று எனக்கு அனுதாபம் சொல்லுவான். நான் இந்தியன் இல்லை என்று ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. மசாவோவை ஜப்பான் என்று கூப்பிடுவான். அவரும் திருத்தவில்லை. இரண்டு பேரும் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு வேறு யாரோ ஒருவருடைய நாட்டின் பெயரோடு வாழ்ந்தோம்.

மசாவோவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் என்னோடு பேசும்போது தன் ஆங்கிலத்தை என் அளவுக்கு மடித்துக்கொள்வார். நான் புரியாமல் முழிக்கும்போது பொருளைக் காட்டித் தன் வீட்டுச் சொல்லைச் சொல்லுவார். நான் என் சொல்லைச் சொல்லுவேன். தொலைபேசிக்கு அவர் தெங்வா என்றார். காருக்கு சிதோசியா. படத்துக்கு சியாசிங். வைத்தியசாலைக்கு பியோயிங். நாங்கள் வைத்தியசாலைத் துணி மடிக்கிறவர்கள் என்பதால் அந்தச் சொல் நாளுக்கு இருபது தடவை வரும். வேலை முடிந்து கடைசித் தேநீரைக் குடிக்கும்போது கண்ணைச் சிமிட்டி ஒரு நீளமான சொல் சொல்லுவார். களைப்புத் தீரக் குடிப்பது என்று அர்த்தமாம். "இது பியருக்கு உரிய சொல். தேத்தண்ணிக்குச் சொல்லக்கூடாது. உன்னால் கெட்டுப்போனேன்" என்பார்.

"இந்தச் சொல்லெல்லாம் ஜப்பான் தந்தது" என்று அவரே சொல்லியிருக்கிறார். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நாங்கள் நாற்காலிக்குச் சொல்கிற கதிரையும் சமையலறைக்குச் சொல்கிற குசினியும் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை என்று இங்கே ஒரு வாத்தியார் எனக்குச் சொன்னபோது, அதை மசாவோவிடம் சொன்னேன். அவர் கதிரையில் கையை வைத்து, "வந்தவன் போய்விட்டான். கதிரை இருக்கிறது" என்று சிரித்தார். அன்றைக்காவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஜப்பான்காரர் வந்து போன ஊர்க்காரர் ஒருவர்தான் அப்படிச் சிரிப்பார். எனக்கு விளங்கவில்லை.

விளங்காமல் போனவை இன்னும் இருக்கின்றன. அவர் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைப் பெந்தோ என்பார். பெட்டிக்குள் என்ன இருக்கும்? சேம்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் அவித்த கீரை, தகரத்தில் அடைத்த மீன். வாசனை எங்கள் வீட்டு வாசனை. ஒருநாள் தமிழ்க் கடையில் வாங்கிய வெற்றிலையை வெளியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து கையை நீட்டினார். காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பைப் பதமாகத் தடவி, பாக்கை வைத்து மடித்து, கன்னத்துக்குள் ஒதுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் வந்தது. சுண்ணாம்பு கூடிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருக்கும் சேர்த்து வெற்றிலை வாங்கினேன். நான் பிழையாக மூலையை விட்டு இயந்திரம் நின்று, ஸ்டீவ் கத்திக்கொண்டு வரும்போதெல்லாம் மசாவோ என்னைப் பார்த்து, "தைஜோப், தைஜோப்" என்பார். பரவாயில்லை, ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதுவும் ஜப்பான் தந்ததுதான். அவரிடமிருந்து நான் அதிகம் கேட்ட சொல் அது.

3

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். என் பக்க மூலை உயர்ந்தது. அவர் பக்கம் உயரவில்லை. திரும்பிப் பார்த்தேன். விரிப்பைப் பிடித்தபடியே ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தார். வாயின் வலப்பக்கம் கீழே தொங்கியது.

அம்புலன்ஸ் வந்தது. "நீதான் அவனுடைய கூட்டாளி, ஏறு" என்று ஸ்டீவ் என்னை ஏற்றிவிட்டான். வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தில், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் யாரோ ஒரு பெண்ணின் பெயரை எழுதி, பிறகு வெட்டி, அதன்மேல் மசாவோ என் பெயரையும் என் தொலைபேசி இலக்கத்தையும் எழுதியிருந்தார். அதை ஸ்டீவ் காட்டியபோதுதான் எனக்குத் தெரியும். வெட்டப்பட்டிருந்தது அவர் மனைவியின் பெயர் என்பதும், அந்த அவுஸ்திரேலியப் பெண் இறந்து ஆறு வருடம் என்பதும் பின்னால் தெரிந்தவை.

வைத்தியசாலையில் ஒரு இளம் தாதி படிவத்தோடு வந்தாள். எனக்குப் படிவத்தைக் கண்டால் எழும்பிப் போய்விடத் தோன்றும். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்கு ஒரு விசாரணை. எனக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பெண். நல்ல பிள்ளை. ஆனால் நான் சொன்னதில் நாலிலொன்று அவவுக்குப் பிடிபடவில்லை. திருப்பித் திருப்பிக் கேட்டா. வெட்கத்தில் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். அந்த ஓம்களைத் திருத்தி எடுக்க எனக்கு ஒன்பது வருடம் சென்றது. ஆகவே பிழையான ஆளை நடுவில் வைத்துப் பேசினால் என்ன நடக்கும் என்று தெரியாதவன் அல்ல நான். தெரிந்தவன். அதுதான் என்னை இப்போதும் கொல்கிறது.

தாதி கேட்டாள்: "இவர் எந்த நாடு? என்ன மொழி பேசுவார்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு மனிதனோடு நான்கு வருடம் வேலை செய்துவிட்டுத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. உண்மையில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

"ஜப்பான்" என்றேன்.

பெயரைப் பார்த்தாள். மசாவோ. சரிதானே என்பதுபோலத் தலையை ஆட்டி, இரண்டு கட்டங்களிலும் எழுதினாள்.

4

பக்கவாதம் அவருடைய ஆங்கிலத்தை முழுதாகக் கொண்டுபோய்விட்டது. பின்னேரம் கண் விழித்தார். பேசினார். மெதுவாக, வாய் கோணி, ஆனால் நிறுத்தாமல் பேசினார். இடக்கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நடுநடுவே எமிகோ, எமிகோ என்றார்.

தொலைபேசியில் ஜப்பான் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். ஒலியைக் கூட்டிக் கட்டில் ஓரத்தில் வைத்தார்கள். அந்தப் பெண் பணிவாக ஏதோ கேட்டா. மசாவோ நெற்றியைச் சுருக்கினார். பிறகு தன்பாட்டில் பேசினார். அந்தப் பெண் வைத்தியருக்குச் சொன்னா: சில சொற்கள் விளங்குகின்றன. தொலைபேசி என்கிறார், படம் என்கிறார். எமிகோ ஒரு பெண்ணின் பெயர். மற்றது எதுவும் விளங்கவில்லை. நோயினால் பேச்சுக் குழம்பியிருக்கலாம், தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

வைத்தியர் கணினியில் எழுதினார். பேச்சு பாதிக்கப்பட்டிருக்கிறது, சொற்கள் கலங்கியிருக்கின்றன என்று எனக்கு எளிய ஆங்கிலத்தில் விளக்கினார். நான் தலையாட்டினேன்.

அவருடைய பேச்சு கலங்கவில்லை. ஒரு சொல்கூடக் கலங்கவில்லை. தன் மொழியில் தெளிவாகத் தன் மகள் எமிகோவைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். தொலைபேசி வேண்டும், படத்துக்குப் பின்னால் இலக்கம் இருக்கிறது என்று சொன்னாரோ என்னவோ. நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, நன்றாகப் பேசிய மனிதரைப் பேச்சுக் கெட்டவர் என்று எழுதினார்கள்.

அடுத்த நாளும் வேலைக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டு வைத்தியசாலைக்குப் போனேன். சமூக சேவைப் பெண் ஒருவர் ஜப்பானில் உறவினரைத் தேடுவதாகச் சொன்னா. மசாவோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏன் ஒன்றும் செய்யாமல் கதிரையில் இருக்கிறேன் என்று அந்தக் கண் கேட்டது. "தெங்வா" என்றார். அவர் கைத்தொலைபேசி வைத்திருக்கிறவர் அல்ல. நான் என் தொலைபேசியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதை இடது பெருவிரலால் தடவினார். எண்கள் அவருக்கு வரவில்லை. கட்டிலில் விட்டுவிட்டார்.

மத்தியானம் வேறொரு மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வந்தார். வயதான குரல். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "மன்னிக்க வேண்டும். இது ஜப்பான் மொழி இல்லை. நடுவில் வருகிற சில சொற்கள் எங்களுடையவை, பழைய காலத்து உச்சரிப்பு. மற்றதெல்லாம் வேறு மொழி. நோயாளி எந்த நாட்டவர் என்று யார் சொன்னது?"

தாதி என்னைப் பார்த்தாள். வைத்தியர் என்னைப் பார்த்தார். மசாவோ ஏற்கனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜப்பான் எண்டு... நினைச்சன்" என்றேன். தமிழில் சொன்னேன் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

5

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினியில் நின்றேன். ரதி, "இஞ்சாருங்கோ, முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு, முதல்ல இருங்கோ" என்றாள். என் மகன் கபிலன் மேசையில் மடிக்கணினியோடு இருந்தான். பதினேழு வயது. அவன் காதில் எப்போதும் எதையாவது செருகியிருப்பான். நான் பேசினால் ஒரு பக்கத்தைக் கழற்றுவான், மற்றப் பக்கம் பாடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு என்னைப் பார்த்துவிட்டு இரண்டையும் கழற்றினான்.

எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த சொற்களைச் சொல்லச் சொன்னான். தெங்வா, சிதோசியா, சியாசிங், பியோயிங், தைஜோப் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தட்டிக்கொண்டே போனான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்பா, பலாவு."

"அது என்ன?"

"ஒரு கன்ட்ரி அப்பா. பசிபிக்கில சின்னச் சின்னத் தீவுகள். ஜப்பான் முப்பது வருஷம் ஆண்டிருக்கு. அதான் அந்த வேர்ட்ஸ் எல்லாம் அவையின்ர பாஷையில கிடக்கு. பேரும் ஜப்பான் பேர் வைப்பினமாம்." படத்தை என் பக்கம் திருப்பினான். தென்னை மரங்கள். ஒரு வயதான ஆள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

நான் மடிக்கணினியைக் கிட்ட இழுத்தேன்.

"மசாவோ வெத்திலை போடுறவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? ஜப்பான்காரர் வெத்திலை போடுவினமோ அப்பா?"

"தெரியேல்லையடா."

"நாலு வருஷம். யூ ஜஸ்ட் ஹேட் டு ஆஸ்க். ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

ரதி, "அப்பாவோட அப்பிடிக் கதையாத" என்றாள். அவன் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை. நான் அவனிடம் ஒன்று கேட்க நினைத்தேன். என்னுடைய தீவின் பெயர் என்ன, சொல்லு பார்ப்போம் என்று. அதையும் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன்.

நான் உடனே வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்து, கபிலனைப் பேசவைத்தேன். அந்த மொழிக்கு ஆள் தேட வேண்டும், விடிந்த பிறகுதான் முடியும் என்றார்கள். கபிலன் விடவில்லை. பலாவு ஆட்கள் இருக்கிற முகநூல் குழு ஒன்றைப் பிடித்து, சிட்னியில் மசாவோ என்ற ஒருவர் கடும் சுகவீனமாக இருக்கிறார், எமிகோ என்ற பெண்ணைத் தேடுகிறோம் என்று எழுதினான். என் இலக்கத்தையும் போட்டான். சின்ன ஊர்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அது எங்கள் தீவிலும் அப்படித்தான். முதல் நாளே சரியான நாட்டைச் சொல்லியிருந்தால், முதல் நாளே இது முடிந்திருக்கும்.

6

மூன்றாம் நாள் விடியற்காலை மசாவோவுக்கு மூளையில் இரண்டாவது தடவை இரத்தம் கசிந்தது. நான் போனபோது கண் மூடியிருந்தார். மூச்சு மட்டும் இரைந்து வந்தது. இனிப் பேசமாட்டார் என்று வைத்தியர் சொன்னார். காது கேட்குமா என்று கேட்டேன். கேட்கலாம், நிச்சயமில்லை, யாராவது பேசினால் நல்லது என்றார்.

நான் பேசப் பார்த்தேன். என்ன மொழியில் பேசுவது? "மசாவோ, பலாவு" என்றேன். "பலாவு, பலாவு." அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

ஒன்பதரைக்கு என் தொலைபேசி அடித்தது. தெரியாத நீளமான இலக்கம். ஒரு பெண், மூச்சு வாங்க, ஆங்கிலத்தில், தான் எமிகோ, அப்பா எங்கே என்றாள். நான் என் பெயரைச் சொன்னேன்.

"நீங்கள்தான் அந்த ஸ்ரீலங்கா ஆளா? அப்பா சொல்லுவார். தீவுக்காரர், எங்களைப்போலத் தேங்காய்ப்பால் சாப்பிடுகிறவர், எனக்கு வெற்றிலை கொண்டுவருகிறவர் என்று."

அந்தத் தொழிற்சாலையிலேயே அவருக்கு மட்டும் நான் யார் என்று தெரிந்திருக்கிறது. கடல் கடந்து அவர் மகளுக்கும் தெரிந்திருக்கிறது.

நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு நாள் அவர் பேசினார், உன்னைக் கூப்பிட்டார், நான் பிழையாகச் சொன்னதால் யாருக்கும் விளங்கவில்லை என்று. "நான் ஜப்பான் என்று சொன்னேன். மன்னிக்கவும். என் பிழை. அவர் பேசினார். இப்போது பேச்சு இல்லை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் துண்டு துண்டாகப் போட்டேன். அவளுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. பிறகு, "அவர் காதில் வையுங்கள்" என்றாள்.

வைத்தேன். நாற்பது நிமிடத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தேன். கை மரத்துப்போனபோது மற்றக் கைக்கு மாற்றினேன். அவள் பேசினாள், அழுதாள், ஒரு தடவை சிரிக்கவும் செய்தாள். குரல் தொலைபேசியிலிருந்து கசிந்து எனக்கும் கேட்டது. அந்த மொழியில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நடுநடுவே நான் அறிந்த சொற்கள் வந்தன. சிதோசியா என்றாள். ஏதோ ஒரு கார். அவர் ஓட்டப் பழக்கிய காரோ, விற்ற காரோ. சியாசிங் என்றாள். ஏதோ ஒரு படம். பியோயிங் என்றாள். அது இந்த இடம். ஒரு மகள் தகப்பனிடம் கடைசியாகச் சொன்னதில், ஜப்பான் விட்டுப்போன சொற்கள் மட்டும் எனக்கு விளங்கின. இரண்டு நாளாக அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு விளங்கியதும் அவ்வளவுதான்.

முடிவில் அவள் வேறொன்றும் சொல்லவில்லை. ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "தைஜோப். தைஜோப். தைஜோப்." பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. அவள் வைத்துவிட்டாளா, அங்கே மின்சாரம் நின்றதா தெரியாது. திருப்பி எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. பின்னேரம் நான்கு மணிக்கு மசாவோ போய்விட்டார். மற்ற ஒழுங்குகளைப் பற்றியெல்லாம் சமூக சேவைப் பெண்ணும் கபிலனும்தான் எமிகோவோடு பேசினார்கள். உடல் விமானத்தில் போனது. அனுப்பும் படிவத்தில் நாடு என்ற கட்டத்தில் பலாவு என்று எழுதியிருந்ததைக் கபிலன் எனக்குக் காட்டினான்.

இப்போது வலப்பக்கம் வியட்நாம் பெண் ஒருத்தி நிற்கிறாள். ஸ்டீவ் அவளுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டான். வந்த அன்றே நான் அவளிடம் ஊரைக் கேட்டேன். சொன்னாள். அதை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன். அதே தாளின் மறுபக்கத்தில் என் மொழியையும் நாட்டையும் தீவையும் கபிலனைக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவித்தேன். தீவின் பெயரை எழுதும்போது என்னிடம் எழுத்துக்கூட்டலைத்தான் கேட்டான். பெயரைக் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.

எமிகோவின் இலக்கம் என் தொலைபேசியில் இருக்கிறது. ஒரு வருடமாக இருக்கிறது. அவளிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான். பரவாயில்லை என்ற அந்தக் கடைசிச் சொல்லை அவள் தன் தகப்பனுக்குச் சொன்னாளா, தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கும் சேர்த்துச் சொன்னாளா? இன்று காலையிலிருந்து மூன்று தடவை இலக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.